ஊசி நிற்கும் நாள்

2023 செப்டம்பர் 26. டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு எட்டுப் பேர் தேறியிருந்தார்கள். துப்பாக்கி வெடித்தபோது கோட்டில் நின்றவர் ஒரே ஒருவர். தன்னந்தனியாக ஓடி, தன்னந்தனியாக முதலாவதாக வந்தார். ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு மைதானத்தில் பரவியதும் மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று கால் பிடித்துக்கொண்டது. ஜூனியர் பிரிவில் ஸ்டீபிள்சேஸ் ஓடிய ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை; ஓடிக்கொண்டே இருந்தாள், மாதிரி எடுக்க வந்த அதிகாரி பின்னாலேயே ஓடினார். மைதானத்துக் கழிவறையில் சிரிஞ்சுகள் கிடந்த காட்சி கைபேசிகளில் சுற்றியது.

நாடு சிரித்தது. பத்திரிகைக்காரர்களான நாமும் சிரித்தோம், தலைப்பில் சிலேடை வைத்தோம். அன்று ஓடாதவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், அவர்கள் அன்றிரவு எப்படித் தூங்கினார்கள், அடுத்த மாதம் என்ன ஆனார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஊக்கமருந்து என்றதும் நமக்கு வரும் முதல் சொல் ‘மோசடி’. இரண்டாவது சொல் ‘அவமானம்’. மூன்றாவதாக, உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது சுருண்டு விழுந்தால் மட்டும், ‘கிட்னி’. மனம் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், 5,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் முதலிடம் இந்தியாவுக்கு. சோதித்தவற்றில் 3.8 சதவீதம் சிக்கின. ‘அதிகம் சோதிக்கிறோம், அதனால் அதிகம் பிடிபடுகிறார்கள்’ என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். எண்ணிக்கைக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். சதவீதத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று யாராவது விளக்கினால் நல்லது. பிடிபடுகிற மருந்துகளில் பெரும் பங்கு அனபாலிக் ஸ்டீராய்டுகளுக்கு. தமிழ்நாடும் விலகி நிற்கவில்லை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்னால் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி அணியிலிருந்து நீக்கப்பட்டவர்களில் நம் மாநிலத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவரும் இருந்தார்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஆஸ்துமாவுக்கும் தோல் அலர்ஜிக்கும் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு. அதைக் கேட்டாலே பயந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கும் இந்தத் தலையங்கத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசுவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும், அதன் வார்ப்பில் ஆய்வுக்கூடங்களில் செய்யப்பட்ட மெத்தாண்டினோன், ஸ்டானோசோலோல், நாண்ட்ரோலோன் வகையறாக்களையும் பற்றி. ‘அனபாலிக்’ என்றால் தசை கட்டுவது. அது நிஜமாகவே கட்டும். பலன் தராத மருந்தாக இருந்தால் இவ்வளவு பேர் இதன் பின்னால் போயிருக்க மாட்டார்கள். ஆரோக்கியமான ஆணின் உடம்பு வாரத்துக்கு ஐம்பது மில்லிகிராம் அளவுக்குள்தான் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. ஜிம்மில் ‘சைக்கிள்’ என்ற பெயரில் ஸ்டீராய்டு போடுகிற பையன் வாரத்துக்கு ஐந்நூறு, அறுநூறு, சமயத்தில் ஆயிரத்துக்கும் மேலே ஏற்றிக்கொள்கிறான். ஒரு மருந்தோடு நிற்பதும் இல்லை. ஊசியில் ஒன்று, மாத்திரையில் ஒன்று, நீரை வடிக்க ஒன்று என்று அடுக்குகிறான். அதற்குப் பெயர் ‘ஸ்டாக்’. எந்த டாக்டரும் எந்த நோய்க்கும் எழுதாத அளவு இது.

தசைக்குப் போகிற ஹார்மோன் மூளையைத் தொடாமல் போவதில்லை. பயம், கோபம், ஆசை, தூக்கம் இவற்றைக் கையாளும் மூளைப் பகுதிகளில் இந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் நிறைந்திருக்கின்றன. பத்து மடங்கு, இருபது மடங்கு ஏற்றினால் அங்கேயும் ஏதோ ஒன்று நடக்கத்தான் செய்யும்.

என்ன நடக்கும் என்பதை முதலில் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹாரிசன் போப். அவரும் டேவிட் கேட்ஸும் ஸ்டீராய்டு எடுத்த 41 உடற்கட்டு வீரர்களையும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களையும் உட்காரவைத்துப் பேசி, 1988-இல் ஆய்வை வெளியிட்டார்கள். 22 சதவீதம் பேருக்கு மருந்து எடுத்த காலத்தில் மனநிலை நோயின் முழு அறிகுறிகள் இருந்தன. 12 சதவீதம் பேருக்கு, இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போன்ற மனப்பிறழ்வு அறிகுறிகள். தனக்குச் சாவே கிடையாது என்று நம்பிய ஒருவர், நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காரைக் கொண்டுபோய் மரத்தில் வேண்டுமென்றே மோதினார். பிறகு 1994-இல், ஸ்டீராய்டு எடுத்த 88 பேரையும் எடுக்காத 68 பேரையும் ஒப்பிட்டபோது, எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குப் பித்து நிலையோ கடும் மனச்சோர்வோ இருந்தது தெரிந்தது.

நேர்மையாக எழுத வேண்டுமென்றால் இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அதே போப் 2000-ஆவது ஆண்டில், வாரம் 600 மில்லிகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துக் கட்டுப்பாட்டோடு ஒரு சோதனை நடத்தினார். ஐம்பது பேரில் 84 சதவீதம் பேருக்கு மனத்தளவில் சொல்லும்படியாக எதுவும் நேரவில்லை. 12 சதவீதம் பேருக்கு லேசான மிகை எழுச்சி. 4 சதவீதம் பேர், அதாவது இரண்டே பேர், நன்றாகவே நிலை மாறினார்கள். ‘நான் போட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று ஜிம்மில் ஒரு சீனியர் சொல்வது அதனால் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஆகாமல் இருந்திருக்கும். பக்கத்தில் டம்பெல் தூக்குகிற பையன் அந்த இரண்டு பேரில் ஒருவனா என்று ஊசி போடுவதற்கு முன்னால் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. போப் கொடுத்த அளவு, நம் பையன்கள் போடுகிற ஸ்டாக்கோடு ஒப்பிட்டால் சாதுவானது என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்டீராய்டும் மனமும் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு பூதம் வந்து நிற்கும்: ‘ராய்டு ரேஜ்’. மருந்து ஏறி வெறிபிடித்து அடித்து நொறுக்குகிறவன். 2007 ஜூனில் கனடிய மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் இறந்தபோது, வீட்டில் ஸ்டீராய்டு கிடைத்தது என்ற ஒரு வரியை வைத்துத் தொலைக்காட்சிகள் தீர்ப்பு எழுதிவிட்டன. பிறகு அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள், வருடக்கணக்காகத் தலையில் வாங்கிய அடிகளால் வந்த சிதைவை அங்கே கண்டார்கள். ஒரே மருந்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது எளிது, பத்திரிகைக்கு வசதியும்கூட. கோபம் உண்மைதான். எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குவது, வண்டியில் போகும்போது யாராவது முந்தினால் துரத்துவது, தூக்கமே இல்லாமல் இரவு முழுதும் சுறுசுறுப்பாக இருப்பது, இவையெல்லாம் நடப்பவைதான். ஆனால் கோபம் வெளியே தெரியும். வீட்டில் நாலு பேருக்குக் கேட்கும். இந்தத் தலையங்கத்தை எழுதத் தூண்டியது அதைவிடச் சத்தமில்லாத ஒன்று. அது மருந்து உள்ளே போகும்போது வருவதில்லை. மருந்து நின்ற பிறகு வருகிறது.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொட்டினால், உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. வீட்டுக்கு லாரித் தண்ணீர் தினமும் வந்தால் மோட்டாரைப் போட யாருக்குத் தோன்றும்? மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை விட்டுவிடுகிறது, விரைகள் சுருங்கிவிடுகின்றன. ஒருநாள் ஊசி நிற்கிறது. பணம் தீர்ந்திருக்கலாம், பயம் வந்திருக்கலாம், வீட்டில் பிடித்திருக்கலாம். அப்போது லாரியும் வராது, மோட்டாரும் ஓடாது. துருப்பிடித்த மோட்டார் மறுபடி இழுக்கச் சில வாரம் ஆகலாம், பல மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிறது. அந்த இடைவெளியில் அந்த இளைஞனின் உடம்பில் கிழவனுக்கு இருப்பதைவிடக் குறைவான ஹார்மோன் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்திருக்க முடியாத அசதி. எதிலும் ஆசையின்மை. கட்டிய தசை கண் முன்னால் கரைவது. அதன்மேல் வந்து கவியும் மனச்சோர்வு.

வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு காலமும் எப்படித் தெரிகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதல் காலத்தில் அம்மா பயப்படுகிறாள். பையனின் முதுகெல்லாம் கட்டி கட்டியாகப் பரு, பனியனில் ரத்தக் கறை, சாப்பாட்டில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளுகிறான், தங்கை ஏதாவது கேட்டால் கதவை அறைகிறான். இரண்டாம் காலத்தில் அவன் கத்துவதில்லை. அறையிலேயே கிடக்கிறான். ஜிம் பக்கம் போவதில்லை. கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறான். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்: “இப்பல்லாம் பரவாயில்லக்கா, அடங்கிட்டான்.” குடும்பம் நிம்மதியாக மூச்சு விடுகிற அந்த வாரங்கள்தான் ஆபத்தானவை.

டெக்சாஸ் மாநிலம் பிளானோ நகரில் டெய்லர் ஹூட்டன் என்ற பதினேழு வயது பேஸ்பால் வீரன் இருந்தான். முக்கிய அணியில் இடம் வேண்டுமானால் உடம்பு இன்னும் பெரிதாக வேண்டும் என்று பயிற்சியாளர் ஒருவர் சொன்னார். பையன் பெரிதானான். கூடவே திடீர்க் கோபமும், அதை அடுத்து அழுதுகொண்டே மன்னிப்பும். பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்; மருந்தை விட்டான். 2003 ஜூலை 15 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய தந்தை டான் ஹூட்டன் 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து இதைச் சொன்னார். அதே விசாரணையில், 24 வயதில் தற்கொலை செய்துகொண்ட ராப் கரிபால்டி என்ற பேஸ்பால் வீரனின் பெற்றோரும் சாட்சி சொன்னார்கள். அந்தக் காலத்தில் டெய்லர் மனச்சோர்வுக்கு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தான், ஸ்டீராய்டை மட்டும் காரணம் சொல்வது சரியா என்று கேட்ட மருத்துவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று யாரும் சீல் வைக்க முடியாது. ஆனால் ஃபின்லாந்தில், 1977-82 காலத்தில் தேசியப் போட்டிகளில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்த, ஸ்டீராய்டு எடுத்ததாகக் கருதப்பட்ட 62 பவர்லிஃப்டிங் வீரர்களைப் பின்னாளில் தேடிப் பார்த்தபோது, எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். பொது மக்களில் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. மூன்று பேரின் உயிரை மாரடைப்பு எடுத்திருந்தது. இன்னும் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் பலர் மறுபடி ஊசிக்கே போகிறார்கள். போட்டால் இரண்டு வாரத்தில் மனம் தெளிகிறது. அப்புறம் எப்படி விடுவது? எடுப்பவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் இப்படிச் சார்ந்துபோகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாராயம் போலவோ கஞ்சா போலவோ உடனே போதை தராத மருந்து என்பதால் இதை யாரும் அடிமைப் பழக்கம் என்று நினைப்பதில்லை. இன்னொரு கண்ணியும் உண்டு. கண்ணாடி. எவ்வளவு கட்டினாலும் கண்ணாடியில் தான் நோஞ்சானாகவே தெரியும் மனக்கோளாறு ஒன்று இருக்கிறது. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகி, அப்போதும் தான் குண்டு என்று நம்பும் பெண்களின் நோயைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல. இதையும் முதலில் அடையாளம் கண்டவர்களில் போப் ஒருவர். வெயில் காலத்திலும் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, பீச்சுக்கும் கல்யாணத்துக்கும் வர மறுக்கும் பதினெட்டு அங்குலப் புஜக்காரனைப் பார்த்தால், இவனுக்கு என்ன குறை என்றுதான் நமக்குத் தோன்றும். இன்ஸ்டாகிராம் வந்த பிறகு அந்தக் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

ஆணழகன் போட்டிக்காரர்களும் ஜிம் பையன்களும் தாங்களே தேடிப் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். விளையாட்டு வீரர்களின் கதையில், கொடுக்கிற கை ஒன்று பெரும்பாலும் கூடவே இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி அதை அரசாங்க வேலையாகவே செய்தது. 1974-இலிருந்து ‘அரசுத் திட்டம் 14.25’ என்ற பெயரில், பத்தாயிரம் பேர் வரை என்று மதிப்பிடப்படும் வீரர்களுக்கு, பள்ளிச் சிறுமிகளுக்கும்கூட, ஓரல்-டூரினபோல் என்ற நீல மாத்திரை போனது. பலரிடம் வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குண்டு எறிதல் வீராங்கனை ஹைடி கிரீகருக்குப் பதினாறு வயதில் அது தொடங்கியது. 1986-இல், அவர் ஐரோப்பியத் தங்கம் வென்ற ஆண்டில், சுமார் 2,600 மில்லிகிராம் கொடுக்கப்பட்டதாகப் பின்னர் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. குரல் மாறியது, உடம்பு மாறியது, தான் யார் என்பதே புரியாமல் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் துரத்தின. 1997-இல் பால் மாற்று சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் கிரீகர் ஆனார். தன் அடையாளத்தைத் தானே கண்டுபிடிக்கும் உரிமையை அந்த மாத்திரை பறித்துவிட்டது என்பதே அவர் சொல்லிவரும் குறை. 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்ன வழக்கில், திட்டத்தை நடத்திய மான்பிரெட் ஏவால்டுக்கும் டாக்டர் மான்பிரெட் ஹோப்னருக்கும் தண்டனை கிடைத்தது. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை; ஒருநாள்கூட உள்ளே போகவில்லை.

நம் நாட்டில் அப்படி ஓர் அரசுத் திட்டம் இல்லை. ஆனால் ‘மாஸ்டர் கொடுத்தார், சாப்பிட்டேன்’ என்ற வாக்கியம் இருக்கிறது. 2010-இல் டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் மகளிர் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கி நாடே கொண்டாடிய நால்வரில் மூவர், 2011-இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் தந்த ஜின்செங் சத்து மாத்திரையில் கலந்திருந்தது என்பது அவர்கள் வாதம். வெளிநாட்டுப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கு முதலில் ஓராண்டு தடை விதித்து, மேல்முறையீட்டில் இரண்டாண்டு ஆக்கினார்கள். யார் சொன்னது உண்மை என்பது இங்கே நம் விஷயம் இல்லை. கிராமத்திலிருந்து விடுதிக்கு வந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மாஸ்டர் என்றால் அப்பாவுக்கு மேல். அவர் உள்ளங்கையில் வைப்பது என்னவென்று கேட்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். நம் விளையாட்டின் பெரிய அழகு அந்த மரியாதை. பெரிய ஓட்டையும் அதுதான்.

எதற்காக எடுக்கிறார்கள்? ஒலிம்பிக் பதக்கத்துக்காக என்று நினைத்தால் நமக்கு நம் பிள்ளைகளைத் தெரியவில்லை என்று பொருள். ரயில்வே, போலீஸ், ராணுவம், அரசு அலுவலகம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதற்கு வேண்டியது தேசியப் போட்டியில் ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ். 400 மீட்டரில் அரை விநாடி குறைந்தால் ஒரு குடும்பத்தின் கடன் அடையும், அக்காவின் கல்யாணம் நடக்கும். அரை விநாடியை ஊசியில் விற்கிறார்கள் என்றால் யோசிக்காமல் இருக்க எத்தனை பேரால் முடியும்? அந்த ஊசி கிடைப்பதும் கஷ்டமாக இல்லை. மருந்து விதிகளின்படி ஸ்டீராய்டுகள் எச் அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அமெரிக்கா 1990-லேயே இவற்றைப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குக் கொண்டுபோய்விட்டது. இங்கே எச் அட்டவணை எப்படிக் காக்கப்படுகிறது என்பது மருந்துக்கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு இப்போது, அறுவை சிகிச்சையில் விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மெஃபென்டெர்மின் ஊசியை ஜிம்களுக்கு விற்றவர்களைச் சென்னையில் போலீசார் பிடிக்கும் செய்திகளும் வருகின்றன. அது ஸ்டீராய்டு இல்லை, நேராக நரம்பை முடுக்கும் வேறு சரக்கு. வாங்குகிறவர்கள் அதே பையன்கள்.

இப்போது தடை வருகிற நாளைப் பார்ப்போம். ஸ்டீராய்டு சிக்கினால், வேண்டுமென்றே எடுத்ததாக முடிவானால், நான்கு ஆண்டு தடை. இருபது நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓராண்டு குறையும். தடைக்காலத்தில் போட்டியிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யவும், சங்கத்தின் மைதானத்தையும் முகாமையும் பயன்படுத்தவும்கூட அனுமதி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கடைசி இரண்டு மாதமோ தடையின் கடைசிக் கால் பங்கோ, எது குறைவோ அப்போதுதான் திரும்பலாம். பெயர் பொதுவில் வெளியாகும். விடுதியில் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். வேலை கிடைத்திருந்தால் அதற்கு ஆபத்து, கிடைக்காமல் இருந்தால் இனி இல்லை. மாஸ்டர் போனை எடுக்க மாட்டார். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் பேனர் வைத்தவர்கள் எதிரே வந்தால் தெருவை மாற்றுவார்கள்.

ஊசி நிற்பதும் அதே நாளில்தான். உடம்பில் ஹார்மோன் பாதாளத்துக்கு இறங்கத் தொடங்கும் அதே வாரத்தில், நண்பர்கள், வேலை, மைதானம், குரு, பெயர் எல்லாவற்றையும் ஒரே கடிதம் பறித்துக்கொள்கிறது. மனநல மருத்துவம் படித்த எவரிடமாவது, ஒரு இளைஞனை மனச்சோர்வின் விளிம்புக்குத் தள்ள என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், அவர் போடும் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தவறு செய்தவனுக்குத் தண்டனை வேண்டும். நேர்மையாக ஓடி நான்காவதாக வந்தவனுக்கு நாம் பட்ட கடன் அது. தடையைக் குறைக்கச் சொல்லி இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. ஆனால் தடை விதிக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்போது, தடை விதிக்கப்பட்டவர் அடுத்த ஆறு மாதம் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும் கடமையும் அதே கைக்கு வந்துசேரத்தான் வேண்டும்.

2022-இல் இந்தியா தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. சோதனை, விசாரணை, மேல்முறையீடு என்று அதில் உறுப்புகள் நிறைய. சோதனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸே உதாரணம். டெய்லர் ஹூட்டனின் சாவுக்குப் பிறகு அந்த மாநிலம் பள்ளி விளையாட்டு வீரர்களைச் சோதிக்கச் சட்டம் போட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து, பல்லாயிரம் மாணவர்களிடம் சிறுநீர் வாங்கியும் மிகச் சிலரே சிக்கினார்கள். 2015-இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். பாட்டிலில் பிடிபடாத மாணவர்கள் ஊசி போடாதவர்கள் என்று அங்கே யாரும் நம்பவில்லை. எப்போது நிறுத்த வேண்டும், எதைக் குடித்தால் தப்பலாம் என்பதெல்லாம் ஊசி விற்கிறவனே சொல்லித் தருகிற பாடம்.

ஆகவே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் விளையாட்டு அமைச்சகமும், நம் மாநிலத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், வேறொரு வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு என்று முடிவு வந்தவுடன் அந்த வீரருக்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரும் மனநல மருத்துவர் ஒருவரும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும். கட்டணமில்லாமல், அவர் கேட்காமலேயே. ஊசியைத் திடீரென்று விட்ட உடம்பு திரும்பவும் சுரக்கத் தொடங்க மருத்துவம் இருக்கிறது. அதை ஜிம்மில் ‘பி.சி.டி.’ என்று பெயர் வைத்து இணையம் பார்த்துத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவர் செய்ய வேண்டியதை மாஸ்டரின் நண்பர் செய்துகொண்டிருக்கிறார். டாக்டரிடம் போனால் போலீசுக்குப் போகும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். சிகிச்சைக்கு வருகிறவர் சொல்வது தடுப்பு முகமைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி தராமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இதற்கு எங்கே போவது என்று கேட்கலாம். விளையாட்டு விடுதிகள் இருக்கிற மாவட்டங்களில் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவும் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு அரசாணை போதும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபத்திரண்டு வயதுக் கட்டுமஸ்தான பையன் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வந்து உட்கார்ந்தால், காதல் தோல்வியா, படிப்பா என்று கேட்கிறீர்கள். ‘ஊசி ஏதாவது போட்டாயா, எப்போது நிறுத்தினாய்?’ என்பதையும் அதே குரலில், முகம் சுளிக்காமல் கேட்டுவிடுங்கள். அவனாகச் சொல்ல மாட்டான். அவன் பார்வையில் அது நோயோடு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, ‘சத்து ஊசி’.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அடங்கிவிட்டான் என்று நிம்மதியடையாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பேச்சு வரும். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, இரவிலும் தமிழிலும் பேசலாம்.

டெல்லியில் அன்று எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிய பெண்ணை நினைத்துக்கொள்கிறோம். அவள் எதற்கு ஓடினாள் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அப்படி ஓடுகிறவர்களில் யாருக்காவது நாளை ஒரு தடைக் கடிதம் போகும். குற்றத்தின் பெயர், விதியின் எண், இருபது நாள் கெடு, மேல்முறையீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கும். அதன் அடியில், எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமை, எந்த அறையில் ஒரு மருத்துவர் அவருக்காகக் காத்திருப்பார் என்ற ஒரு வரியும் அச்சாக வேண்டும். அதற்கான வரைவை அடுத்த கடிதம் கிளம்புவதற்குள் முகமை எழுதி முடிக்கட்டும்.